மடலுக்குக் கீழே மணல்

வெள்ளி, 10 ஜனவரி

மேகமூட்டம். குளிர். செக்கப்புக்காக வைட்ஃபீல்ட் கண் ஆஸ்பத்திரி. கேப்பில் போய்வரவே அரை நாள் தீர்ந்தது.

நேற்று இரண்டு கண்ணிலும் லேசர். கருவிழியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறக்கிறார்கள், உள்ளே செதுக்குகிறார்கள், மூடிவிடுகிறார்கள். தையல் இல்லை. தானே ஒட்டிக்கொள்ளுமாம். மருத்துவத்தில் 'தானே' என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

காரணம் மைக்ராஸ்கோப். லேபில் நாள் முழுக்க செல்களைப் பார்த்து, புற்று இருக்கிறது, இல்லை என்று எழுதும் வேலை. இத்தனை வருடமும் மூக்குக்கண்ணாடி, கண் வைக்கும் ஐபீஸில் இடித்துக்கொண்டே இருந்தது. முகக்கவசம் போட்டால் ஆவி வேறு. இதைச் சொன்னால் தங்கை பிலோ நம்பவில்லை.

"நாப்பத்தெட்டு வயசுல யாருக்குக்கா இந்த அழகு?"

படிக்க இனியும் கண்ணாடி வேண்டும். தெரிந்தேதான் செய்தேன்.

இடது சுத்தம். வலதில் ஒரு மூலையில் லேசான மங்கல். டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார்.

சனி, 11 ஜனவரி

வெளிச்சம் கூசுகிறது. திரைச்சீலை மூடியே. பால் பொங்கி வழிந்தது, வாசனையில்தான் தெரிந்தது.

வலது கண்ணில் புகை. மறுபடி வைட்ஃபீல்ட். அழற்சி. கிருமி எதுவும் இல்லை, உடம்பே கிளப்பும் கலவரம். மடலுக்குக் கீழே வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன. ஸ்டீராய்டு சொட்டு, மணிக்கு ஒரு முறை. தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி.

இந்தச் செல்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஊதா நிறச் சாயத்தில், அடுத்தவர் உடம்பிலிருந்து வந்தவையாக. இப்போது என் வலது கண்ணில், சாயம் இல்லாமல்.

எழுதி வைக்கிறேன்: வலதுதான் என் வேலைக் கண். இரண்டு ஐபீஸிலும் பார்த்தாலும் முடிவு செய்வது அதுதான். அது போனால் சம்பளம் மட்டும் போகாது. வேறு எதையும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை.

பயம் வர வேண்டிய இடம். வரவில்லை. பசி மட்டும்.

ஞாயிறு, 12 ஜனவரி

பிலோ மாதா கோயிலிலிருந்து நேராக வந்தாள். ஃபிரேசர் டவுனில் அவள் வீடு அடுத்த தெரு, அதனால் தப்பிக்க வழியில்லை. கையில் ஒரு பொட்டலம். நந்தியாவட்டைப் பூ.

"கண்ணு மேல வெச்சுக்க. குளிர்ச்சி."

"வேண்டாம்."

"பூ என்னக்கா பண்ணும்?"

"அதில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தச் சொட்டுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

தெரியும் என்றேன். சொல்லவும் சொன்னேன். பாதியிலேயே எழுந்து சோறு வைக்கப் போய்விட்டாள். பூவைத் தட்டில் போட்டு ஃபிரிட்ஜின் மேல் வைத்திருக்கிறாள், என் மனம் மாறும் என்று.

மத்தியானச் சொட்டுகள் அவள்தான் போட்டாள். கை நடுங்காது அவளுக்கு. இமையைப் பிடித்துக்கொண்டே,

"ஊர்ல இருக்கறவங்க செல்லு எல்லாம் பாத்த. இப்ப உன் செல்லு உன்னையே பாக்க வந்திருக்கு."

சிரிக்கக்கூடாது, சொட்டு வழிந்துவிடும் என்று அதட்டினாள். நான் சிரிக்கவில்லை. அவள்தான்.

சாயங்காலம் புகை கூடுதல். காலண்டரின் பெரிய எழுத்துகூட வலதில் இல்லை.

திங்கள், 13 ஜனவரி

இடது கண்ணால் எழுதுகிறேன், பெரிய எழுத்தில்.

டாக்டர் சின்னப் பெண், கோயம்புத்தூர். "நீங்களே பாருங்க மேடம், உங்களுக்குப் புரியும்" என்று திரையைத் திருப்பினார். என் கருவிழி. நடுவில் வெள்ளை மணல், காற்று அடித்து ஒதுக்கியது போல அலை அலையாக. நல்ல படம். ஆழத்தை எப்படி ஃபோகஸ் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நடுவுல கட்டி கட்டியா சேருது. கிரேடு மூணு. இன்னிக்கே மடலைத் தூக்கிக் கழுவிடலாம்ங்க. விட்டா அந்த இடம் கரைஞ்சு தழும்பாயிடும்."

"கழுவினா?"

"பெரும்பாலும் நல்லா வந்துடும்."

"பெரும்பாலும்."

"மேடம், நீங்களும் உறுதியா சொல்லாம உங்க ரிப்போர்ட்டுல கடைசில ஒண்ணு எழுதுவீங்களே, நோயாளியோட அறிகுறியோட பொருத்திப் பாக்கவும்னு. அதைப் பாத்தா நாங்க எவ்வளவு திட்டுவோம் தெரியுமா?"

நியாயம். கையெழுத்துப் போட்டேன். கோடு எங்கே என்று நர்ஸ் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

மரக்கச் செய்யும் சொட்டு. பிறகு கருவி வருவது தெரிகிறது, படுவது தெரியவில்லை. மடல் தூக்கியதும் எல்லாம் கரைந்து ஒரே வெளிச்சம். தண்ணீர். ஏதோ வழித்தார்கள். நர்ஸ்கள் கன்னடத்தில் நாளைய லீவு பற்றி. ஒருத்திக்கு லீவு இல்லையாம்.

வெளியே பிலோ ஜெபக் குழுவுக்குப் போன் போட்டிருந்தாள், ஸ்பீக்கரில். கதவு வழியாகவே கேட்டது:

"ஏசப்பா, எங்க அக்கா உங்கள நம்பலன்னாலும் பரவால்ல. அவ கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

காத்திருந்தவர்களில் யாரோ சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

செவ்வாய், 14 ஜனவரி

வெயில். மாடி வீட்டு கன்னடக்கார அம்மா சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு-பெல்லா டப்பாவைக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கட்டிலிலேயே உட்கார்ந்து தின்றேன். கரும்புத் துண்டும்.

சொட்டு, தூக்கம், சொட்டு. காலைச் செக்கப்பில் டாக்டர் சொன்னார், மணல் குறைந்திருக்கிறதாம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பிலோ: "ஒரு வார்த்தை பயமா இருக்குன்னு சொல்லேன்க்கா. நான் ஒண்ணும் யார்கிட்டயும் சொல்லிட மாட்டேன்."

சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன். ரசம் இருக்கிறதா என்று கேட்டேன்.

வெள்ளி, 24 ஜனவரி

வெள்ளணுக்கள் போய்விட்டன. ஸ்டீராய்டு படிப்படியாகக் குறைப்பு. கண் அழுத்தம் சரி.

சுவரில் எழுத்துப் பலகை. வலது கண்ணால் கடைசிக்கு முந்தைய வரி வரை படித்தேன், ஓரெழுத்து ஊகம். டாக்டர் கை தட்டாத குறை.

"சூப்பருங்க மேடம்! நடுவுல துளியூண்டு தழும்பு. நாளாக ஆக மங்கிடும். டிரைவிங், டிவி எதுக்கும் தொந்தரவு இருக்காது."

நான் வண்டி ஓட்டுவதில்லை. டிவி இல்லை. மைக்ராஸ்கோப் பற்றிக் கேட்டேன்.

"அது... பாத்துட்டு நீங்கதான் சொல்லணும்."

பிலோ மட்டன் குழம்பு வைத்துக் கொண்டாடினாள். நானும் கூடவே தலையாட்டினேன். காரம் தூக்கல்.

திங்கள், 3 பிப்ரவரி

லேப். கண்ணாடி இல்லாத என் முகத்தைப் பார்த்து நஸ்ரீன், "அரே மேடம், யாரோ இன்டர்வியூக்கு வந்திருக்காங்கன்னு நினைச்சேன்" என்றாள். வாணியம்பாடிப் பெண். எங்கள் லேபின் இன்னொரு பெத்தாலஜிஸ்ட். வேலை பழகியது என்னிடம். நான் இல்லாத நாட்களில் எல்லா ஸ்லைடும் அவள்தான்.

முதல்முறை ஐபீஸில் நேரடியாகக் கண். இடிக்க எதுவும் இல்லை. இதற்காகத்தான்.

ஒரு ஸ்லைடை வைத்து, இடதை மூடிக்கொண்டு பார்த்தேன். வலது ஐபீஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினேன். செல்லின் உட்கரு ஓரம் கூர்மையை நோக்கி வருகிறது, வருகிறது, கடந்துவிடுகிறது. திரும்பத் திருப்பினாலும் அதுவே. பவர் பிசகு என்றால் இந்த வளையத்திலேயே சரியாகிவிடும். இது பவர் இல்லை, தழும்பு. ஓரத்துக்கு ஒரு நிழல் கூடவே நிற்கிறது.

லென்ஸைத் துடைத்தேன். பக்கத்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தேன். ஸ்லைடில் குறை இல்லை.

நஸ்ரீனிடம் சொன்னேன். நாளையிலிருந்து ஒவ்வொன்றையும் இருவரும் தனித்தனியாக. ஒத்துப்போகாவிட்டால் அவள் முடிவு.

"யா அல்லா. நான் உங்ககிட்ட கத்துக்கிட்டவ மேடம். என்னுது எப்படி நிக்கும்?"

"ஒழுங்கா கத்துக்கிட்டிருந்தா நிக்கும்."

செவ்வாய், 4 பிப்ரவரி

காலையில் பனி. ஆட்டோ கிடைக்கத் தாமதம்.

கர்ப்பப்பை வாய் ஸ்மியர் ஸ்லைடுகள், ஒரு தட்டு நிறைய. முடிவுகளை ஒரு தாளில் நான் எழுதினேன், பிறகு அதே தட்டை வேறு அறையில் நஸ்ரீன். டீக்கு முன்னால் ஒப்பிட்டோம். எல்லாம் ஒன்றாகவே வந்தன, ஒன்றைத் தவிர. அதற்கு நான் இயல்பு என்று எழுதியிருந்தேன். அவள் சந்தேகம், பயாப்சி தேவை என்று.

"நான்தான் ஜாஸ்தியா பாத்திருப்பேன் மேடம்" என்றாள் அவசரமாக.

அந்த ஸ்லைடை மறுபடி வைத்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இல்லை. பிறகு வலதைக் கையால் மூடிக்கொண்டு இடதால் மட்டும், மெதுவாக, ஓரத்திலிருந்து.

இருந்தது. ஒரு சின்னக் கூட்டம். கறுத்து, ஓரம் சிதைந்து.

அவளைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவள் ஏற்கெனவே பார்த்தது. அறிக்கை அவள் எழுதியபடியே போனது, அவள் கையெழுத்து மட்டும் போட்டு.