பொடிமீன் கொட்டிய இடம்

பாய்,

நேற்று மாலை எங்கள் பகுதிப் பூங்காவில் நடந்த கூட்டத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். நாய்த் தீனி. ஏதோ கம்பெனி விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்தது. பிரித்து முகர்ந்தேன். நெத்திலிக் கருவாடு. பளபளக்கும் அந்த உறைக்குள் பழவேற்காட்டு ஏரிக்கரை முழுவதும் இருந்தது.

கூட்டம் எதற்கென்றால், பூங்காவின் வடகிழக்கு மூலையில் நாய்களைக் கயிறு அவிழ்த்து ஓடவிட ஓர் இடம் ஒதுக்கப் போகிறார்கள். இடுப்புயர வேலி, இரட்டைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, பெரிய நாய்க்குத் தனி, சின்ன நாய்க்குத் தனி. திரையில் வரைபடம் காட்டிய இளைஞர் நன்றாகவே யோசித்திருந்தார். நாய்க்கும் ஓடியாட இடம் வேண்டும், அது அதன் உரிமை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கடைசிப் படத்தில் விதிகள் வந்தன. கழுத்துப்பட்டையும் உரிமையாளரும் இல்லாத நாய்களுக்கு அனுமதி இல்லை. தற்போது அந்த மூலையில் படுத்திருப்பவை அகற்றப்படும்.

அகற்றப்படும். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாக வரும் பஸ்ஸில் செய்தி தேடி வந்து இறங்குவேன். கரைக்குப் போகும் வழியில் உங்கள் ஐஸ் கடை. மரத்தூள் மூடிய பாளங்களுக்கு நடுவே, மடித்துக் கட்டிய கைலியோடு உட்கார்ந்திருப்பீர்கள். "இன்னா பேப்பரு, மெட்ராஸ்ல நியூஸு தீந்து போச்சா?" என்று தொடங்குவீர்கள். கடைசிவரை நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மீனவர் குப்பத்து ஏற்பாட்டை எனக்கு முதலில் காட்டியவர் நீங்கள்தான். படகுகள் கரை சேர்ந்ததும் விலைபோகாத பொடிமீனையும் உடைந்த நண்டையும் ஒரே இடத்தில் கொட்டுவார்கள். படகுத்துறைக்குத் தெற்கே, சாய்ந்த பனைமரத்தடியில். குப்பத்து நாய்கள் எல்லாம் அங்கேதான் தின்றன, புரண்டன, சண்டை போட்டன, தூங்கின. துறைக்கு மறுபக்கம் கருவாடு காயும் மணல். அங்கே நாய்கள் வாய் வைப்பதில்லை. நடுவில் வேலி கிடையாது, பலகை கிடையாது. இதை யார் ஏற்பாடு செய்தது என்று கருவாடு காயப்போடும் அஞ்சலையிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு பண்றது? வவுறு ரொம்பிச்சின்னா அது இன்னாத்துக்கு என் கருவாட்டாண்ட வருது?"

ஒரே ஒரு நாய்க்கு மட்டும் அந்தப் பக்கம் இடம் உண்டு. அஞ்சலையின் செம்பட்டை நாய், ஜிம்மி. இரவில் கருவாடு பரப்பிய ஓலைப்பாய்களுக்குக் காவல். அதற்கு உங்கள் மேல் ஏனோ ஒரு பிரியம். உங்களைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். நீங்கள் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவீர்கள். "ஏ ஜிம்மி, அங்கயே நில்லு. நீ அங்க, நான் இங்க. அப்பதான் நம்ம சிநேகிதம் நிக்கும்." அது நிற்கும். அஞ்சலை விழுந்து விழுந்து சிரிப்பார்.

பறவை பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் உட்கார ஒரு பூங்கா வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். வேலையை ஓர் அதிகாரியிடம் கொடுத்தார்கள். அவர் கரையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, காலி இடம் என்று கை காட்டியது பனைமரத்தடியை. சிமெண்டு பெஞ்சுகள், குரோட்டன்ஸ் தொட்டிகள், சுற்றிலும் கம்பி வேலி. நிலம் அளக்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

"சார், இப்ப இங்க கீறது எங்க போவும்?" என்று கேட்டீர்கள்.

"இங்க என்ன இருக்கு? நாய்தானே இருக்கு?"

"அதான் சார். அது எங்க போவும்?"

"உன் நாயா?"

"நான் நாயத் தொடமாட்டேன் சார். தொட்டா மண்ணு போட்டுக் கழுவணும் எங்களுக்கு."

"அப்புறம் உனக்கு என்னய்யா?"

"நான் தொடாததுக்கெல்லாம் நிக்க எடம் இல்லன்னு ஆயிடுமா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி நாடாவை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.  உங்கள் கேள்வியை நான் எழுதிக்கொண்டேன்.

வேலி வந்தபின் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. படகுக்காரர்கள் வழக்கம்போல அதே இடத்தில்தான் பொடிமீனைக் கொட்டினார்கள், வேலிக்கு மேலாக வீசி. குரோட்டன்ஸ் இலைகளில் மீன் செதில் ஒட்டியிருந்தது. பெஞ்சில் நண்டுக் கால் கிடந்தது. நாய்கள் வேலிக்கடியில் மணலைத் தோண்டி உள்ளே புகுந்தன. அதிகாரி கொதித்துப்போய் வந்து, வேண்டுமென்றே செய்கிறீர்களா என்று கத்தினார். "இல்ல நைனா, நாங்க சொன்னா கையி கேக்க மாட்டேங்குது" என்றார் வயதான படகுக்காரர் ஒருவர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதிகாரிக்கு அது திமிராகப் பட்டது.

தோண்டிய இடங்களைச் சிமெண்டு போட்டு அடைத்தார்கள். பசித்த நாய்கள் முதன்முறையாகக் கருவாட்டு மணலுக்குப் போயின. அஞ்சலைக்கு ஒரு வாரத்து உழைப்பு போனது. நாய்களை அகற்ற உத்தரவு வந்தது.

நீங்கள் படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அதிகாரியிடம் ஒரு மாதத் தவணை கேட்டீர்கள். வடக்கே முகத்துவாரப் பக்கம், யாரும் புழங்காத மணல்மேடு ஒன்று இருந்தது. நாய்களை அங்கே கொண்டுபோய் விடுகிறோம், பூங்காவுக்கும் தொல்லை இல்லை, கருவாட்டுக்கும் தொல்லை இல்லை என்றீர்கள். சரி, ஒரு மாதம் பார்க்கிறேன் என்று அவர் சொன்னார். என் காதால் கேட்டேன்.

"ஒரேடியா மாத்துனா வராது பேப்பரு. சாப்பாட்ட கொஞ்சம் கொஞ்சமா நவுத்தணும்" என்றீர்கள். தினமும் காலையில் கடையை விட்டுவிட்டு வந்து, குச்சியால் மணலில் கோடு கிழித்து, இன்றைக்குக் கொட்டவேண்டிய இடம் இது என்று காட்டினீர்கள். மறுநாள் கோடு இன்னும் கொஞ்சம் வடக்கே போகும். படகுக்காரர்கள் கேலி செய்தார்கள். "பாயி நாய்க்குப் பட்டா போட்டுத் தராருடோய்!" கேலி செய்தாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடந்தார்கள். மாதம் முடிவதற்குள் நாய்கள் எல்லாம் மணல்மேட்டில் இருந்தன. ஜிம்மிகூடப் பகலில் அங்கே போய்த் தின்றுவிட்டு இருட்டியதும் காவலுக்குத் திரும்பியது. அதிகாரி ஒருநாள் வந்து, சுத்தமான பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் வரவழைத்த டீயைக் குடித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்.

அடுத்த முறை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உங்கள் கடை பூட்டியிருந்தது. கரையில் மீன் ஏலச் சத்தம் இல்லை. மணல்மேட்டுக்கு ஓடினேன். நாய்கள் விறைத்துக் கிடந்தன, நீங்கள் கடைசியாகக் கிழித்த கோட்டைச் சுற்றி. விடிவதற்குள் ஆட்கள் வந்து, மருந்து கலந்த மீனைச் சரியாக அதே இடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதிகாரியிடம் கேட்டேன். "உத்தரவு முன்னாடியே போட்டாச்சு சார். அதை ரத்து பண்ணணும்னா நான் மேலே எழுதணும்" என்றார். எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரு காகிதம் எழுதச் சோம்பல். பக்கத்தில் நின்ற, மருந்து வைத்த ஆள் ஒருவர் அதைவிடத் தெளிவாகச் சொன்னார்: "எல்லாம் ஒரே எடத்துல இருந்துச்சுங்க. வேலை சுளுவா முடிஞ்சிது."

எத்தனையோ கொலைகளையும் புயல்களையும் எழுதியவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த கோபம் வேறெதற்கும் வந்ததில்லை.

அஞ்சலை அழவில்லை. அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். "கூப்ட்டு சோத்தக் காட்டிக் கொல்றது எந்த ஊரு ஞாயம்யா? சொல்லிட்டுப் போ!" ஜீப் பின்னால் போய்த் திரும்பி, வேறு வழியாகப் போய்விட்டது.

நீங்கள் மணல்மேட்டுக்கு நடந்து, குனிந்து, ஜிம்மியை இரண்டு கைகளாலும் தூக்கினீர்கள். அதுவரை ஒரு கை தூரத்துக்குள் விடாத நாயை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, அஞ்சலையின் கருவாட்டு மணலுக்கு மேற்கே குழி தோண்டிப் புதைத்தீர்கள். பிறகு ஏரித் தண்ணீரில் முழங்கால் அளவு இறங்கி, மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். முறைப்படி கழுவி முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நாமதான பேப்பரு கூட்டியாந்து வெச்சோம்" என்றீர்கள்.

இல்லை என்று அன்றே சொன்னேன். நீங்கள் ஏற்கவில்லை. பிறகு எப்போது அந்தப் பேச்சு வந்தாலும் எழுந்துபோய் ஐஸ் உடைக்கத் தொடங்கிவிடுவீர்கள். இப்போது மண்ணுக்குள்ளிருந்து எழுந்துபோக உங்களால் முடியாது, அதனால் மறுபடி சொல்கிறேன். இடம் கொடுத்தவர் நீங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு விஷம் வைத்தவர்கள் அவர்கள். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். சில வரிகளாகச் சுருங்கி உள்பக்கத்தில் வந்தது. தலைப்பு: 'பழவேற்காட்டில் நாய்த் தொல்லை நீங்கியது'. அலுவலகத்தில் சண்டை போட்டேன். நாய்க்கெல்லாம் எங்கேய்யா பத்திரிகையில் இடம் என்றார்கள். அந்தப் பத்திரிகையை நீங்கள் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். "உங்க ஆளுங்களுக்கும் எடம் பத்தலையா?"  

வேலியை உப்புக் காற்று தின்றுவிட்டது. படகுகள் பழையபடி பனைமரத்தடியில் கொட்டத் தொடங்கின. எங்கிருந்தோ வேறு நாய்கள் வந்து சேர்ந்தன. நீங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நேற்று நான் எழுந்து நின்றேன். அந்த மூலையில் இப்போது இருக்கும் நாய்கள் எங்கே போகும் என்று கேட்டேன்.

"அகற்றப்படும்னு திரையிலேயே இருக்கே சார்."

"எங்கே?"

"அதைச் சம்பந்தப்பட்டவங்க பார்த்துக்குவாங்க."

"அதாவது எங்கே?"

செயலாளர் அம்மா சிரித்த முகத்தோடு, "உங்க வீட்ல என்ன நாய் சார்?" என்றார். என்னிடம் நாய் இல்லை என்றேன். அப்படியானால் இங்கே ஏன் வந்தீர்கள் என்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வளர்க்காததற்கெல்லாம் நிற்க இடம் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டேன். இங்கே யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். வரைபட இளைஞர் குறித்துக்கொண்டார். அவர் முகம் வாடியிருந்தது. அதை மட்டும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து வடகிழக்கு மூலைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்திருந்தவை கருவாட்டு வாடைக்குத் தலை தூக்கின. பொட்டலத்தைக் கவிழ்க்கப் போனேன், முடியவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து வீசினேன், ஒன்று மரத்துக்கு அந்தப் பக்கம், ஒன்று பாதையோரம், ஒன்று தொலைவில் சுவரடியில். நாய்கள் குழம்பிப்போய் ஆளுக்கொரு திசையில் ஓடின.

ஓரிடத்தில் கொட்ட இந்தக் கை இன்னும் சம்மதிக்கவில்லை, பாய்.