கிடைக்காத ஊசிமுனை

பிப்ரவரி 3

கம்பெனியில் என் பக்கத்துத் தையல் மெஷினில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தெருக்கோடி வீட்டு அக்காவை! சின்ன வயதில் நான் சாப்பிட அடம்பிடித்தால், "புருஷனைக் கொன்னவ வந்து தூக்கிட்டுப் போயிடுவா" என்பாளே அம்மா, அவளேதான். பதினாலு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். நாள் முழுக்க அவள் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு காலர் கோணலாகப் போனது.

பிப்ரவரி 4

அம்மா: "அவ கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்காதடி."

பிப்ரவரி 19

வாங்கிக் குடித்துவிட்டேன். விக்கல் நிற்கவில்லை, பாட்டிலை நீட்டினாள், என்ன செய்ய? "ஜெயில்லயும் இதே மெஷின்தான். ஆனா பாத்ரூம் போக இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க" என்றாள். சிரித்து வயிறு வலித்தது. இப்போதெல்லாம் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 12

ஊசி உடைந்து முகத்தில் தெறித்தது. எல்லோரும் மெஷினைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "கண்ணத் திற, கண்ணத் திறடி" என்றாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி தருவார்கள். தைப்பது குழந்தைச் சட்டை, அதனால் அவ்வளவு கண்டிப்பு. முனை மட்டும் கிடைக்கவில்லை. இந்த மாதம் எனக்கு இது மூன்றாவது ஊசி. சூப்பர்வைசர் ஏற்கெனவே மிரட்டியிருந்தார். வீட்டு மெஷினுக்கென்று பையில் வைத்திருந்த பழைய ஊசியின் முனையை ஒடித்து ஒட்டிவிட்டேன்.

அக்கா பார்த்துவிட்டாள். "தேடிடலாம்டி. பச்சப் புள்ள போடுற சட்ட."

"விடுக்கா" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை எனக்கு?

மார்ச் 13

அக்கா போய்ச் சொல்லிவிட்டாள், அந்தச் சட்டைக் கட்டுக்குள் ஒரு ஊசிமுனை இருக்கிறது என்று. யாருடையது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. காந்தம் வைத்துத் தேடி ஒரு சட்டையின் கழுத்திலிருந்து எடுத்தார்கள். என் தாளில்தான் முனை ஒட்டியிருக்கிறதே! அதனால் அவளே வேண்டுமென்று போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். ஜெயிலுக்குப் போனவள், வேறென்ன காரணம் வேண்டும்?

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

"எனக்கு அவங்க பக்கத்துல உக்காரவே பயமா இருக்கு சார்."

நான்தான் சொன்னேன். அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் 14

அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பக்கத்து மெஷின் காலி. அம்மாவுக்கு ஒரே நிம்மதி. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்ன ஜென்மம் நான்?

மார்ச் 17

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "போனவ போயிட்டா. நீ வாயத் திறக்காத" என்றாள்.

மார்ச் 18

திறந்துவிட்டேன். சூப்பர்வைசர் கத்தித் தீர்த்தார். இனி எனக்கு மெஷின் இல்லை, நூல் வெட்டுகிற மேசைதான். அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலம் அவள் வீட்டு வாசல் வரை போனேன். கதவைத் தட்டக் கை வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 21

அக்கா வேலைக்கு வந்தாள். என் மேசைக்கு எதிரில் இருக்கும் மெஷினைக் கொடுத்தார்கள். எழுந்து போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் எழுவதற்குள் அவள் சூப்பர்வைசரிடம் போய்விட்டாள்.

"வேற எங்கயாவது போடுங்க சார். அந்தப் பொண்ணு பக்கத்துல எனக்குப் பயமா இருக்கு."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. குரல் அப்படி இல்லை. நிஜமாகவே பயந்திருந்தாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.