அடுப்பில் போன சாமுராய்கள்

ஜமாலியா,
திருகோணமலை.
14.09.2025

அன்புள்ள மச்சானுக்கு ஷாமிலா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் ரிப்காவும் சுகம். தோஹாவில் வெக்கை குறைந்ததா, கிரேனில் ஏறி இறங்க முதுகு நோகிறதா என்று அறிய ஆவல். நாள் தவறாமல் போனில் கதைக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் சொல்ல ஏலாத சங்கதி இது. லீவு முடிந்து திரும்புகிற றிஸ்கானிடம் கொடுத்துவிடுகிறேன். மாசிச் சம்பலும் தொதலும் அவனிடம் இருக்கின்றன. கடிதத்தை முதலில் வாசியுங்கள், சாப்பாட்டுச் சாமானைப் பிறகு பிரிக்கலாம்.

வீட்டில் குறை ஒன்றுமில்லை. குசினிக் கூரை மாற்றியாகிவிட்டது. துறைமுகப் பக்கம் பெரிய கப்பல் ஒன்று நாலு நாளாக நிற்கிறது, அதன் சத்தத்தில் ரிப்கா படிக்க முடியவில்லை என்கிறாள். நீங்கள் நவம்பரில் ஒரேயடியாக வருகிறீர்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்தோஷமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓம் என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை உங்கள் சிநேகிதர் அருளம்பலம் ஐயா வந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை செய்து ஓய்வு பெற்றவரின் எழுத்து அல்லவா, முறைப்பாட்டுக் கடிதம் இரண்டு பக்கம் அழகாக டைப் அடித்திருந்தது. 2019இல் வீட்டைச் சோதனை போட்டவர்கள் உங்கள் சாமுராய் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள், அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினாராம். நாற்பத்தாறு புத்தகங்களுக்கும் இலக்கம் போட்டிருக்கிறது. பெயர் மறந்த இடத்தில் அட்டையைச் சொல்லியிருக்கிறீர்கள். சிவப்பு அட்டை, வாள் அடிக்கிற முறை. பச்சை அட்டை, தேநீர் பரிமாறுகிற சடங்கு. நீலத் துணி அட்டை, கவசம் கோர்க்கிற பட்டுக் கயிறு. நான் வரிசையாகச் சரிபார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை.

கடைசியில் “கொண்டுசென்றதை நேரில் கண்டேன்” என்று எழுதி, அதன் கீழே என் பெயர். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார். சோதனை அன்று வீட்டில் நின்றபடியால் ரிப்காவையும் கூப்பிட்டு விசாரிக்கக்கூடும் என்றும் சொன்னார்.

மச்சான், நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். உங்கள் புத்தகங்களை ஒருவரும் கொண்டுபோகவில்லை. நான்தான் எரித்தேன்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த நாட்களை நீங்கள் அங்கிருந்து செய்தியில்தான் பார்த்தீர்கள். உயிர்த்த ஞாயிறு குண்டு வெடித்துப் பத்து நாள் இருக்கும். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர்க்காரர் என்று எங்கள் ஆட்களின் வீடுகளில் ஆமியும் பொலிஸும் வாள் தேடினார்கள். பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா ராத்தாவின் மகன் றிகாஸைக் குர்பான் கத்தி வைத்திருந்ததற்குக் கொண்டுபோனார்கள். ஹஜ் பெருநாளைக்கு மாடு அறுக்கிற கத்தி என்று அவன் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. ராத்தா வாசலில் இருந்து அழுத சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் அலுமாரியிலோ அட்டைக்கு அட்டை வாள்.

எங்கள் வீட்டுக்கு வந்தது நோன்புக்கு நாலு நாள் இருக்கும்போது, காலை பத்து மணி போல. மூன்று ஆண்கள், ஒரு பெண். சாமுராய் மனைவிமார் நீட்டுக் கம்பில் கத்தி பூட்டி வீட்டைக் காவல் காத்தார்கள் என்று எனக்குப் படம் காட்டுவீர்களே, நான் அகப்பையோடு நின்றேன். அந்தப் பெண் அறைக்குள் போனாள். ஒரு இளம் பொடியன் அலுமாரியைத் திறந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தான். இது யார் வாசிக்கிறது என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

என் புருஷன் என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் யப்பான் கப்பல்காரன் ஒருவன் கொடுத்த படப் புத்தகத்தில் தொடங்கிய பைத்தியம் என்று சொல்லியிருக்கலாம். உலக யுத்தத்தில் யப்பான்காரன் குண்டு போட்ட ஊரில் இருந்துகொண்டு அவனையே தலையில் தூக்கி ஆடுகிறான் என்று உங்கள் வாப்பா ஏசுவதைச் சொல்லியிருந்தால் அவனும் சிரித்திருப்பான். நான் சொன்னது வேறு. முன்னர் வாடகைக்கு இருந்த ஆள் விட்டுப்போனவை, எங்களுக்கு அவரையும் தெரியாது, புத்தகத்தையும் தெரியாது என்றேன். ரிப்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வயது. வாப்பாவுடையது என்று சொல்லிவிடுவாள் என்று அவளுடைய கையை நெரித்துப் பிடித்தேன். அவள் வாய் திறக்கவில்லை.

அந்தப் பொடியன் கவசம் போட்ட குதிரைப் படம் ஒன்றை மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே அடுக்கினான். நான் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அலுமாரிக் கதவையும் சாத்தினார்கள். முறைப்பாட்டில் நாங்கள் கள்ளர் என்று எழுதியிருப்பது இவர்களைத்தான்.

அவர்கள் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. எழுதிக்கொண்டு போயிருக்கிறார்களே. திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தால் முதல் தாளில் “முனாப், திருகோணமலை” என்று உங்கள் கையெழுத்து. இல்லாத வாடகைக்காரனை எங்கே என்று காட்டுவேன்? முதல் தாளை மட்டும் கிழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள்தான் கெட்டிக்காரர் ஆயிற்றே, களவு போகாமல் முப்பதாம் பக்கத்திலும் பெயர் எழுதி வைத்திருந்தீர்கள். நடுவில் எங்கெங்கே எழுதினீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? முற்றத்தில் எரித்தால் புகையைப் பார்த்து வருவார்கள். நோன்பும் வந்துவிட்டது. பின்நேரங்களில் கஞ்சி காய்ச்ச விறகடுப்பு மூட்டத்தானே வேண்டும்.

அந்த நோன்பு முழுக்க உங்கள் புத்தகத்தில்தான் கஞ்சி காய்ச்சினேன். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. படத் தாள் லேசில் எரியாது மச்சான், சுருண்டு நாறும். ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட வேண்டும். கிழிக்கும்போது கண்ணில் படத்தானே செய்யும். இருபது வருஷம் நீங்கள் காட்டக் காட்டப் பார்க்காதவள் அந்த ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன். சண்டைக்குப் போகுமுன் தலைக்கவசத்துக்குச் சாம்பிராணி பிடிக்கிறார்கள், வெட்டுப்பட்டு விழுந்தாலும் தலை மணக்க வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டு உங்களிடம் ஏதோ கேட்க நினைத்தேன். என்ன என்று இப்போது நினைவில்லை. அதையும் போட்டேன். ஒன்றையாவது ஒளித்து வைத்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் இல்லை.

அந்த வருஷக் கஞ்சி நல்ல ருசி என்று தெருவில் சொன்னார்கள். அருளம்பலம் ஐயாவுக்கும் வழமை போல வாளியில் அனுப்பினேன். அந்தப் புத்தகங்களை உங்களிடம் இரவல் வாங்கி வாசித்த மனிதர்.

நோன்புப் பெருநாள் அன்று போனில் நீங்களாகவே கேட்டீர்கள், புத்தகங்களைக் கொண்டுபோய்விட்டார்களா என்று. ஓம் என்றேன். உங்களிடம் நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். நீங்கள் உடனே பரவாயில்லை, நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருந்தால் போதும் என்றீர்கள். கத்தி ஏசியிருந்தால் அன்றைக்கே உண்மை வெளியில் வந்திருக்கும். மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தீர்கள். அலுமாரியில் நான் அடுக்கி வைத்திருந்த பீங்கான்களைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். குடித்தீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் மனதில் உறைப்பதில்லை. மாமி மௌத்தானபோது கூட அழுகை வரவில்லை. கல்மனசுக்காரி என்று பெண்கள் கதைத்தது என் காதிலும் விழுந்தது. மாமி என்னை மகள் போலத்தான் வைத்திருந்தா. வந்த சனத்துக்குப் பாய் விரித்தேன், தண்ணீர் கொடுத்தேன். இப்படியே காலம் போய்விடும் என்றுதான் இருந்தேன். அந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைத்துத் தொலைத்திருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

வியாழன் பின்நேரம் ரிப்கா பள்ளி விட்டு வந்து மேசையில் கிடந்த முறைப்பாட்டை வாசித்தாள். பதினாலு வயது, எல்லாம் விளங்குகிறது. அழவில்லை, என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, விசாரிக்க வந்தால் தான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தரச் சொன்னாள், பாடமாக்கி வைக்கிறேன் உம்மா என்றாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. அது என்னுடைய குரல் மச்சான். ஆறு வருஷமாக அவளும் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள், நான் ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கையெழுத்து வைக்காத கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐயாவிடம் நானே போய்ச் சொல்கிறேன், அதை நீங்கள் செய்ய வேண்டாம். என்னை என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம். ஏசலாம். வந்து கதையாமல் இருக்கலாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை வாசித்ததும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம். ரிப்காவுக்கு எடுங்கள். வாப்பாவுக்காக ஒரு பொய்யும் பாடமாக்கத் தேவையில்லை மகள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். ஓம் உம்மா என்கிறாள், நம்பவில்லை.

அல்லாஹ் உங்களை அந்த உயரத்தில் தவறி விழாமல் காத்து, மகள் ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடிக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
ஷாமிலா