மரிசேலாவின் பெயரில் எனக்கு வேலை

அன்புள்ள அம்மா,

இதை யாரிடமும் காட்டாதே, அப்பாவிடம்கூட வேண்டாம். உன் கால்வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

இங்கே சால்டியோவில் கார்களுக்கு மின்கம்பி கட்டும் புதுத் தொழிற்சாலை திறக்கிறது. ஊரே வேலைக்கு வரிசையில் நிற்கிறது. என்னைப் படிக்கவைப்பதாக அழைத்து வந்த ரெமேடியோஸ் சித்தி, எனக்கு உதட்டுச்சாயம் பூசி, தன் மகள் மரிசேலாவின் பெயரில் அங்கே நிறுத்திவிட்டாள். வயது பதினெட்டு என்று சொல்லச் சொன்னாள்; சொன்னேன்.

ஆள் எடுக்கும் அம்மாள் சிரித்தபடி, "பொண்ணுங்களுக்கு ஊரைக் கூட்டி வைப்பாங்களே, அந்தப் பதினைஞ்சாவது பொறந்தநாள் விருந்தெல்லாம் நல்லா நடந்துச்சா மகளே?" என்றாள்.

நானும் மடத்தனமாக, "போன மாசந்தான் அக்கா, ரோஸ் கவுன்!" என்றேன்.

மாட்டிக்கொண்டோம், பள்ளிக்கே திரும்பிவிடலாம் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன் அம்மா. அவளோ, "இனிமே யாராச்சும் கேட்டா மூணு வருஷமாச்சுன்னு சொல்லு. எனக்கு முந்நூறு இடம் நிரப்பணும்டி" என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள். "வாயாடி, கெடுத்திருப்பியே!" என்று சித்தி வழியெல்லாம் கிள்ளினாள்.

மாதம் பிறந்ததும் தொழிற்சாலையின் விடியற்காலைப் பேருந்து என்னை ஏற்றிப்போய்விடும். குளிர்கிறது, கம்பளிக் காலுறை அனுப்பு. இல்லை, அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. சித்தி முன்னால் எனக்குப் பேச்சு வராது. நீ வந்து, இவள் என் மகள் யாரெலி, பதினைந்து வயதுப் பிள்ளை என்று சொன்னால் போதும்.

கதவு தட்டுகிறது. விளக்கை அணைக்கிறேன். அம்மா, உடனே