தர்சனின் கதிரை

02.06.2025 திங்கள்
இன்று பயிற்சி தொடங்கியது. இளைஞர் ஊரை விட்டுப் போவதை நிறுத்த அரசாங்கம் கண்டுபிடித்த மருந்து: பொதுநோக்கு மண்டபத்தில் மூன்று மாத வயரிங் வகுப்பு. விண்ணப்பம் இருபத்தைந்து, வந்தது நாலு பேர். மற்றவர்கள் விண்ணப்பம் போட்ட கையோடு குவைத், கட்டார், ருமேனியா என்று போய்விட்டார்கள். இருபதுக்குக் குறைந்தால் வகுப்பை மூடுவார்கள். என் பயிற்றுநர் ஒப்பந்தம் முடிந்து நானும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: சிவரூபி, நீ கொடுத்துவைத்தவளடி!

04.06 புதன்
கதவடியில், வெளிநாடு போன பிள்ளைகளின் தாய்மார் பதினெட்டுப் பேர் நின்றார்கள். தர்சனின் தாய் அன்னலட்சுமியக்காதான் கதைத்தார்.
"பிள்ளையளின்ர இடத்தை விட்டிடாதேங்கோ பிள்ளை. திரும்பி வந்தா ஒரு வேலை இருக்க வேணுமெல்லே."
மேலதிகாரி வருகிற நாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தாய்மாரைப் பிள்ளைகளின் கதிரைகளில் இருத்தி வரவு கூப்பிட்டேன்.
"தர்சன்?"
"ஓம் மிஸ்." அன்னலட்சுமியக்கா எழும்பி நின்றார்.
அதிகாரி தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு. "நல்லது" என்றுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். இன்றைக்கு மட்டும் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

11.06 புதன்
இன்றைக்கு மட்டும் என்றது ஒரு கிழமையாகிவிட்டது. சிரிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒருவரும் கதைப்பதில்லை. வாசலில் என்னைப் "பிள்ளை" என்கிற அன்னலட்சுமியக்கா உள்ளே வந்தால் "மிஸ்" என்கிறார். அவர் கழற்றிவிடுவது தர்சனின் செருப்பு. மத்தியானம் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஒரு விமானம் எழும்பிய சத்தம் குடாவைத் தாண்டிக் கேட்டது. பதினெட்டுத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

19.06 வியாழன்
நேற்று அன்னலட்சுமியக்கா வரவில்லை. என் வாய் சும்மா கிடக்காதே. பகிடியாகக் கேட்டேன், "தர்சன், நேற்று எங்கே?"
"காய்ச்சல் மிஸ். நடக்க ஏலாமப் போச்சு."
முகத்தில் பகிடி இல்லை. பக்கத்துக் கதிரைக்காரிகள் திரும்பியும் பார்க்கவில்லை. நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

20.06
இரவு முழுக்க நித்திரை இல்லை.

27.06 வெள்ளி
பலகையில் வயர் பூட்டி பல்ப் எரிய வைக்க வேண்டும். உண்மையான மாணவர் நாலு பேருக்கும் எரியவில்லை. அன்னலட்சுமியக்காவுக்கு எரிந்தது. பலகைக்குக் கீழே "தர்சன்" என்று எழுதினார். தர்சனின் விண்ணப்பத்தை எடுத்து ஒத்துப் பார்த்தேன். அதே எழுத்து. விண்ணப்பத்தையும் அவர்தான் நிரப்பியிருப்பார். வேறென்ன?

03.07 வியாழன்
இன்று அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று "பிள்ளை" என்று கூப்பிட்டார்.
தர்சன் போலந்துக்குள் போக எல்லைக் காட்டில் இறங்கியவனாம். போன மாதம் பதினெட்டாம் தேதிக்குப் பிறகு போன் இல்லை. கூடப் போனவன் வெளியே வந்து இப்போதுதான் கதைத்திருக்கிறான். காய்ச்சலில் நடக்க முடியாமல் தர்சன் ஒரு மரத்தடியில் இருந்துவிட்டானாம்.
பதினெட்டு... அவர் வகுப்புக்கு வராத நாள். "அக்கா, அண்டைக்கு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. வாயில வந்தது."
தேடித்தரச் சொல்லிப் பட்டணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குப் போயிருக்கிறார். கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம், "மகன் ஊரிலதானே அம்மா நிக்கிறார். நேற்றும் வகுப்புக்கு வந்திருக்கிறார்."
அந்த வரவுப் பதிவின் கீழே என் கையெழுத்து. ஐயோ, என்ன வேலையடி பார்த்துவிட்டாய்! அவன் காட்டுக்குள்ள கிடக்கிறான், நீ இஞ்ச இருந்து அவனுக்கு வரவு போட்டுக்கொண்டு இருந்தனீ.

07.07 திங்கள்
அந்தக் கந்தோருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தர்சன் ஒரு நாளும் வகுப்புக்கு வரவில்லை, பொய் வரவு போட்டது நான்தான் என்று. "வேலை போகுமடி" என்று அம்மா அழுதா. போகட்டும்.

11.07 வெள்ளி
அன்னலட்சுமியக்காவின் முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் வீட்டில்.

14.10 செவ்வாய், குவைத்
நான் வேலை செய்கிற வீட்டுக்காரி வெளியே போன நேரம் அம்மாவுடன் கதைத்தேன். தர்சனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. ஊரில் அரசாங்கம் புதிதாகத் தையல் வகுப்புத் தொடங்கியிருக்கிறதாம், அதே மண்டபத்தில். வேலையில்லாதவர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதாம்.
"உனக்குப் பதிலா நான்தான் போய் இருக்கிறனான். உன்ர பேரைக் கூப்பிட்டா ஓம் மிஸ் எண்டுறனான்."
"ஏனம்மா இந்த வேலை?"
"நீ வந்தா ஒரு இடம் வேணுமெல்லே. அன்னலட்சுமியும் வாறவ. தர்சன்ர பேர் இப்ப இல்லை. கடைசிப் பேர் கூப்பிட்டு முடிய, அவ சும்மா எழும்பி நிண்டிட்டுத் திரும்ப இருக்கிறவ."
அம்மா தொடர்ந்தா.
"நேற்று நான் போகேல்லை. ஏன் எண்டு இண்டைக்கு மிஸ் கேட்டவ. காய்ச்சல் எண்டனான். எனக்கொண்டுமில்லை, வாயில வந்தது. உனக்குச் சுகந்தானே பிள்ளை?"
"ஓம்" என்றேன்.
நேற்று விடியற்காலையிலிருந்து எனக்குக் காய்ச்சல். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.