நீலம் எவ்வளவு ஆழம் போகும்?

மூதூர்,
11 மே 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சுகம். அதற்கு மேல் அன்பாக எழுத இன்றைக்கு எனக்கு ஏலாது. போனில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் நீங்கள் நாலு வசனம் சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் ஈமெயில். முழுவதையும் வாசியுங்கள்.

நோன்புக்கு முன்னம் ஒருநாள் டோகாவிலிருந்து போன் எடுத்து, "பஸ்மி, கடலுக்குள்ள எந்த நிற வெளிச்சம் கூட ஆழம் போகும்?" என்று கேட்டீர்கள். பௌதிகவியல் ரீச்சரைக் கல்யாணம் முடித்து எட்டு வருசம். என் பாடத்தில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி அது. எவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன்! சிவப்பு மேலேயே நின்றுவிடும், நீலம்தான் கீழே போகும் என்றேன். நீல எல்.ஈ.டி. செய்யத் தெரியாமல் உலகம் பல வருசம் தடுமாறியதையும், ஜப்பானில் பிறந்த மூன்று பேர் அதைச் செய்து நோபல் பரிசு எடுத்ததையும் சொன்னேன். அது வராவிட்டால் நம் குசினியில் எரியும் வெள்ளை பல்பும் வந்திராது என்றேன். "நல்ல கதை" என்றீர்கள்.

இப்போது உங்கள் தம்பி சஜீத் நீல விளக்குகளைக் கடலுக்குள் இறக்குகிறார். வாங்கி அனுப்பியது நீங்கள். அவற்றின் பற்றரிகள் நம் வீட்டுச் சாமான் அறையில்தான் சார்ஜ் ஆகின்றன. படகில் கொளுவுகிற லைட் என்றார், நானும் நம்பினேன்.

என் வாப்பாவின் கரைவலை உங்களுக்குத் தெரியாததா? ஒரே கரையில் பல வலைகள், முறை வைத்துத்தான் இழுக்கலாம். தன் முறை வரும்வரை காத்திருந்து வாப்பா நேற்று வலை வளைத்தார். கரையே திரண்டு இழுத்தது. வலையின் மடியில் வந்தது வெறும் பாசி. கரைக்கு வரவேண்டிய மீனைச் சஜீத்தின் வெளிச்சம் வழியிலேயே கூட்டி அள்ளிவிட்டது. கரைக்குக் கிட்ட வெளிச்சம் போடக்கூடாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் பஸ்மியா


டோகா,
16 மே 2025

அன்பு பஸ்மி,

வஅலைக்கும் ஸலாம். ஏன் இந்தக் கோபம்? எல்லாரும்தான் வெளிச்சம் போடுகிறார்கள். சஜீத் போடாவிட்டால் வேறொருவன் அள்ளிக்கொண்டு போவான். கடலை மாமாவுக்கு மட்டும் எழுதியா வைத்திருக்கிறது? உன் பாடம் புத்தகத்தை விட்டு வெளியே வந்து வேலை செய்கிறது. நீ பெருமைப்பட வேண்டாமா?

மாமாவை நான் மறப்பேனா? அவருக்கு ஒரு பெட்டி மீன் கொடுக்கும்படி சஜீத்திடம் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு என் முத்தம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன்.

உன் றுவைஸ்


மூதூர்,
21 மே 2025

மச்சான்,

ஸலாம். உங்கள் பெட்டி வந்தது. கரையில், வலைகாரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, சஜீத் அதை வாப்பாவின் காலடியில் வைத்து, "மாமா, றுவைஸ் நானா குடுக்கச் சொன்னவர்" என்றார்.

வழியால் போகிறவன் கயிற்றில் ஒரு கை பிடித்தாலும் அவனுக்குப் பங்கு மீன் கொடுக்காமல் அனுப்பாத மனிசன் வாப்பா. பெட்டியைப் பார்த்தார். "மகன், நான் உன்ட கயிறு பிடிக்கல்லையே" என்றார். அவ்வளவுதான். எழும்பி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோறும் வேண்டாமாம்.

வெளிச்சத்தோடு எனக்குக் கோபமில்லை, அதைக் கண்டுபிடித்தவர்களோடும் இல்லை. உங்களோடுதான் கோபம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? என் வாயாலேயே என் வாப்பாவின் வலையை வெறுமையாக்கிவிட்டீர்கள். சாமான் அறையைப் பூட்டிவிட்டேன். பூட்டின் திறப்பு என்னிடம்.

பஸ்மியா


டோகா,
24 மே 2025

பஸ்மியா,

என் தம்பியை வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினாயாம். ஒரு பெட்டி மீனுக்காக இவ்வளவு ஆட்டமா? அறையைத் திற. திறக்காவிட்டால் பெருநாளைக்கு நான் வரமாட்டேன்.

றுவைஸ்


மூதூர்,
27 மே 2025

றுவைஸ் அவர்களுக்கு,

அறையைத் திறந்துவிட்டேன், மீனவர் சங்கத்துக்காரருக்கு. விளக்குகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "இது ஆர்ட சாமான்?" என்று தலைவர் கேட்டார். "என்ட மாப்பிள்ளைட" என்றேன். வெட்கத்தில் தலை குனிந்தது. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

பெருநாளைக்கு வரமாட்டேன் என்று பயம் காட்டியிருக்கிறீர்கள். நம் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள், வாப்பா வாசலில் நின்று கைபிடித்துக் கூட்டி வந்தார். அலுமாரியிலிருந்த உங்கள் உடுப்பையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்து, இன்று பின்னேரம் உங்கள் உம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

உங்கள் உம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு அழுதா. "எத்தின நாளைக்கு மகள்?" என்று கேட்டா. எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். "பெருநாளைக்கு வந்தா இங்கதான் வருவார் மாமி, அவருக்குப் பிடிச்சதைச் சமைச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
கலீலுர் றஹ்மான் மகள் பஸ்மியா