கணக்கில் வராத இருபத்து மூன்று பேர்

கிள்ளான்
4 மார்ச் 2024

அன்புள்ள தாமரைக்கு,

நலமா? வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பக்கிரிசாமி என்று ஒருவர். பண்டமாரான்காரர், நாற்பத்தாறு வயது. துறைமுகத்தில் கப்பல் மேல் ஏறி, கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை. நம்முடைய தோள்வலி ஆராய்ச்சியில் சேர்ந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். இங்கே ஆஸ்பத்திரி மறுவாழ்வுப் பிரிவில் நான்தான் அவருக்கு ஊசியும் பயிற்சியும் கொடுத்தேன். ஐந்தாவது வாரம், வலி கூடிவிட்டது என்று நின்றுகொண்டார்.

போன வாரம் ஒரு தாளோடு வந்தார். அவருடைய கம்பெனி டாக்டர் எழுதியது. இந்தச் சிகிச்சையில் பத்தில் எட்டுப் பேர் குணமாவதாக நம் கட்டுரை சொல்கிறதாம். ஆகவே இவர் நடிக்கிறார், எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு தேவையில்லை, வேலைக்கு அனுப்பலாம் என்று முடித்திருக்கிறார்.

நடிக்கிறாராம்! வலிக்கிறது என்று சொல்பவரை முதலில் நம்பு என்பதுதானே இந்தத் துறையில் நாம் படித்த முதல் பாடம்?

அன்றைக்கே கட்டுரையைத் திறந்து பார்த்தேன். பாதியில் நின்றவர்கள் நாற்பத்தொரு பேர். எல்லோரையும் சேர்த்து 'சொந்தக் காரணங்களால் வரவில்லை' என்று ஒரே வரியில் போட்டிருக்கிறாய். அவர்களில் இருபத்து மூன்று பேர் வலி கூடியதால் நின்றவர்கள். ஒவ்வொருவர் படிவத்திலும் அதை என் கையால் எழுதித்தான் உனக்கு அனுப்பினேன். சேர்ந்த அத்தனை பேரையும் கணக்கில் எடுத்தால், குணமானவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். அந்த இருபத்து மூன்று பேர் எங்கே போனார்கள், தாமரை?

பதில் எழுது.

உன்
சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்
11 மார்ச் 2024

என் அன்புக் கலா,

கடிதம் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாக உன் கோபத்தைப் பார்க்கிறேன். இதையும் மதியம் சாப்பிடாமல்தான் எழுதியிருப்பாய்.

நான் எதையும் ஒளிக்க நினைக்கவில்லை. அட்டவணை நீளமாக இருக்கிறது என்று ஆய்விதழில் சொன்னார்கள், சுருக்கினேன். சுருக்கியதும் முடிவு அழகாகத் தெரிந்தது. பிறகு நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது உண்மை.

மே மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இரண்டு முறை என்னைத் தள்ளிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். வலி மருத்துவம் என்ன பெரிய துறை, ஊசி போடுகிற வேலைதானே என்று போன முறை ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் அவர்கள் முன்னால் வைக்க என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. மே முடியட்டும். திருத்தத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகும் முன் உனக்கும் அனுப்பினேன். நீயும் கையெழுத்துப் போட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து வா. சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.

என்றும் உன்
தாமரை


கிள்ளான்
25 மார்ச் 2024

தாமரைக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. வந்திருந்தாலும் சாப்பாடு இறங்கியிருக்காது.

நான் கையெழுத்துப் போட்டது உண்மைதான். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். நீ எழுதியதுதானே என்று அட்டவணையைப் பார்க்காமலேயே போட்டேன். அந்தக் கேவலம் என்னுடையது. அதை வைத்து என் வாயை அடைக்க நினைக்காதே.

பக்கிரிசாமி வேலைக்குத் திரும்பிவிட்டார். எம்.சி. இல்லாமல் வீட்டில் இருந்தால் வேலை போய்விடும், வேறென்ன செய்வார்? போன வியாழக்கிழமை கம்பியைத் தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டது. கை விட்டுவிட்டது. கீழே நின்ற சுகுமாறன் என்பவரின் பாதத்தில் கம்பி விழுந்து எலும்பு நொறுங்கிவிட்டது. இப்போது கவனக்குறைவு என்று பக்கிரிசாமி மேலேயே விசாரணை வைத்திருக்கிறார்கள்.

நேற்று முன்தினம் என்னைப் பார்க்க வந்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்: "டாக்டர், வலி கூடுதுன்னு நான் சொன்னப்ப நீங்க எழுதிக்கிட்டீங்களே. அத யாருமே படிக்கலையா?"

நீ சொல், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மே மாதம் வரை பொறுங்கள், எங்கள் டாக்டருக்கு நேர்காணல் இருக்கிறது என்றா?

ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. என் தவறையும் அதில் சொல்லியிருக்கிறேன். உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்து வராவிட்டால் நான் மட்டும் அனுப்பிவிடுவேன்.

சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்
30 மார்ச் 2024

கலாவுக்கு,

கையெழுத்துப் போட்டு இன்று காலை நானே ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். உன் கடிதத்தில் ஒரு வரி மாற்றியிருக்கிறேன். 'கவனிக்கத் தவறினோம்' என்று நீ எழுதியிருந்தாய். 'தாமரை சுருக்கினார்' என்று ஆக்கிவிட்டேன். அதுதான் நடந்தது.

கம்பெனி டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். முடிவு தவறு, அந்த மனிதர் நடிக்கவில்லை என்றேன். "நீங்க எழுதினத நம்பித்தானே டாக்டர் நானும் எழுதினேன்," என்றார். அதையே எழுத்தில் கேட்டார். விசாரணைக்கும் போய்ச் சேரும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதவிக்கான விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நீ சொன்னது சரி. எனக்குக் கோபம் அதில் இல்லை. ரயில் ஏறி வந்து, என் எதிரில் உட்கார்ந்து, போடுடி கையெழுத்து என்று நீ சொல்லியிருக்கலாம். போட்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் பழகிய எனக்கு நீ தேதி குறித்தாய்.

பக்கிரிசாமியைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கிளினிக்குக்கு அனுப்பு. முதலிலிருந்து நானே பார்க்கிறேன். நீ கூட வர வேண்டாம்.

டாக்டர் தாமரை